பன்றியும் பார்பிக்யூ சாஸும் வைத்துச் சாவு எடுத்தால் அது அவமரியாதையா?

கேள்வி கேட்டவர் பார்த்தது அமெரிக்காவில் டிஎல்சி சேனலில் வந்த ‘பெஸ்ட் ஃபியூனரல் எவர்’ நிகழ்ச்சியின் ஒரு துண்டு. ஒருவருடைய இறுதிச் சடங்கில் பார்பிக்யூ சாஸ் நீரூற்றாகக் கொட்டுகிறது, துக்கத்துக்கு வந்தவர்கள் விலா எலும்புக் கறியை அதில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள், கூடவே உயிரோடு பன்றிகள் வேறு. செத்துப்போனவரை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா, ரியாலிட்டி ஷோ என்றால் பிணத்தைக்கூட விடமாட்டார்களா என்று கேட்டிருக்கிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாஸிலும் பன்றியிலும் எனக்கு எந்த அவமரியாதையும் தெரியவில்லை. அவமரியாதை இருந்தது, ஆனால் அது சாவு நடந்த ஹாலில் இல்லை, எடிட் ரூமில். பதினொரு வருஷம் சென்னையில் டிவி நிகழ்ச்சிகளுக்கு எடிட்டராக இருந்தவன் நான், அதில் பாதிக்கு மேல் ரியாலிட்டி ஷோ, அதனால் இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் அடித்தே சொல்வேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சாவுச் சடங்குகள் பற்றிச் சொல்லப்போவது ஆர்வத்தில் பல வருஷமாகப் படித்துச் சேர்த்துக்கொண்டது.

முதலில் அந்த நிகழ்ச்சி. டெக்சஸ் மாநிலம் டாலஸில் கோல்டன் கேட் என்று ஒரு ஃபியூனரல் ஹோம், அதாவது இறுதிச் சடங்கை நடத்தித் தரும் நிறுவனம், கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வரும் இடம், நடத்துபவர் ஜான் பெக்வித் ஜூனியர். இறந்தவருக்கு உயிரோடு இருக்கும்போது எது பிடிக்குமோ அதையே வைத்துச் சடங்கை அமைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். டிஎல்சி கேமராவைத் தூக்கிக்கொண்டு போனது அதற்காகத்தான். சாஸ் நீரூற்று யாருக்காக வைத்தார்களோ அவர் வெறும் சாப்பாட்டுப் பிரியர் இல்லை. அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள்கூட முணுமுணுத்த ஒரு உணவக விளம்பரத்துக்கு, விலாக்கறி பற்றிய பாட்டுக்கு, குரல் கொடுத்தவர். நம் ஊரில் நாதஸ்வர வித்வான் இறந்தால் உடலுக்குப் பக்கத்தில் நாதஸ்வரத்தை வைக்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த மனிதருடைய நாதஸ்வரம் அந்தச் சாஸ். அவ்வளவுதான் வித்தியாசம். நாதஸ்வரம் மங்களமானது, விலாக்கறி அப்படி இல்லை என்று நமக்குத் தோன்றுவது நம்முடைய பிரச்சினை.

அதே நிகழ்ச்சியில் இன்னொருவர் வருகிறார். பிறவியிலேயே முதுகுத்தண்டு சரியாக மூடாத கோளாறு, ஸ்பைனா பிஃபிடா என்பார்கள். ஆயுசு முழுக்கப் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏற முடியாமல் போனவர். அதனால் அவருக்கு மாநிலப் பொருட்காட்சியான ஸ்டேட் ஃபேர் மாதிரியே சடங்கு நடத்தி, அஸ்தியை ராட்டினத்தில் ஏற்றிச் சுற்றவிட்டார்கள். துண்டு வீடியோவில் பார்த்தால் கேலிக்கூத்துதான். ஆனால் டாலஸ்காரர்களுக்கு ஸ்டேட் ஃபேர் என்ன என்று தெரிந்துகொண்டு பார்த்தால் தொண்டை அடைக்கும். 1923 அக்டோபரில் அதே பொருட்காட்சியில் வெள்ளை இனவெறி அமைப்பின் பேரில் ‘கூ கிளக்ஸ் கிளான் நாள்’ என்றே ஒரு நாளை அதிகாரபூர்வமாகக் கொண்டாடினார்கள். கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு நாளை ஒதுக்கிவைத்திருந்த இடமும் அதுதான், ராட்டினத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் அவர்களுக்கு ஆயிரம் தடை. 1955-ல் ஜுவானிட்டா கிராஃப்ட் என்ற அம்மாள் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு போய் வாசலில் மறியல் செய்தார். அந்த ஊரில் ஒரு குடும்பம், உனக்குக் கிடைக்காத ராட்டினத்தை நாங்கள் காட்டுகிறோம் வா என்று அஸ்தியைத் தூக்கிக்கொண்டு போகிறது. இதில் எங்கே அவமரியாதை?

இந்தக் கொண்டாட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் ‘ஹோம்கோயிங்’, வீடு திரும்புதல். ஏதோ டிவிக்காகக் கண்டுபிடித்தது இல்லை. இதன் வேர் அடிமைக் காலத்தில் இருக்கிறது. நியூயார்க் நகரத்தில் 1712-ல் அடிமைகள் ஒரு கிளர்ச்சி செய்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் நாலு பேர் சேர்ந்து நின்றாலே எஜமானர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. நாலு பேர் சேரும் இடம் எது? சாவு வீடு. 1722-ல் அடிமைகளைப் பகல் வெளிச்சத்தில்தான் புதைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ராத்திரியில் பாடி ஆடிப் புதைப்பது வழக்கம். 1731-ல் இன்னும் இறுக்கினார்கள்: சவத்தோடு பன்னிரண்டு அடிமைகளுக்கு மேல் போகக்கூடாது, பெட்டிமேல் அலங்காரத் துணி போர்த்தக்கூடாது. மேல்துணிக்குக்கூடச் சட்டம்! சாவுக்கு ஆடம்பரம் செய்தால் தண்டனை என்ற இடத்திலிருந்து வந்தவர்கள், கையில் காசு வந்ததும் முதலில் எதற்குச் செலவழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப் புதைக்கப்பட்டவர்கள் கிடந்த இடம் 1991-ல் வெளியே வந்தது. கீழ் மன்ஹாட்டனில் மத்திய அரசுக் கட்டடம் ஒன்றுக்குத் தோண்டினார்கள், நானூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், அதில் கணிசம் குழந்தைகள். 2003 அக்டோபரில் அவர்களை மறுபடி புதைத்தபோது எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஆர்டர் கொடுத்துக் கையால் செதுக்கிய பெட்டிகள், வாஷிங்டனிலிருந்து பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா என்று ஊர் ஊராக நிறுத்தி மரியாதை, நியூயார்க்கில் மேளதாளத்தோடு ஊர்வலம். பன்னிரண்டு பேர் கணக்குக்கு வட்டியோடு பதில்.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் வெள்ளையர் நடத்தும் ஃபியூனரல் ஹோம்களில் கறுப்பர் உடலுக்கு முன்வாசல் கிடையாது. அதனால் கறுப்பர்களே சொந்தமாக ஆரம்பித்த முதல் தொழில்களில் ஒன்று இது. வாடிக்கையாளர் எல்லாம் சொந்த மக்கள், வெள்ளைக்காரன் வேலையை விட்டுத் தூக்கிவிடுவான் என்ற பயம் இல்லை, அதனால் கறுப்பர்களின் சம உரிமைப் போராட்டக் காலத்தில் கார் கொடுத்ததும், ஜாமீன் பணம் கட்டியதும், கூட்டம் போட இடம் கொடுத்ததும் பல ஊர்களில் இவர்கள்தான்.

இங்கே ஒரு சாவைச் சொல்லாமல் போக முடியாது. 1955 ஆகஸ்டில் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை மிசிசிப்பியில் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். உடல் சிகாகோவுக்கு வந்தபோது பெட்டியைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனை. அம்மா மேமி டில் திறக்கச் சொன்னார். முகம் முகமாகவே இல்லை. அப்படியே சர்ச்சில் வைத்தார், ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், ‘ஜெட்’ பத்திரிகை படம் போட்டது. ‘பிணத்தைக் காட்சிப்பொருள் ஆக்குவது’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு அளந்தால், கறுப்பின அமெரிக்காவில் அந்தப் பெட்டியைவிடப் பெரிய காட்சி கிடையாது. அதை அவமரியாதை என்று யாராவது சொல்வோமா? ஏன் சொல்வதில்லை என்றால், எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்தது பெற்றவள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருகிறேன்.

கொண்டாட்டம் என்றால் நியூ ஆர்லியன்ஸ் பற்றிச் சொல்ல எனக்குக் கை பரபரக்கிறது. அங்கே கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் பித்தளை வாத்தியக் குழு ஊர்ந்து ஊர்ந்து துக்க கீதம் வாசிக்கும். உடலை அனுப்பிவைத்த அந்த நிமிஷம் டிரம் மாறும், அப்புறம் ஒரே ஆட்டம், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் குடையையும் கைக்குட்டையையும் ஆட்டிக்கொண்டு பின்னால் சேர்ந்துகொள்வார்கள். 2012 ஜூலையில் லயனல் பட்டிஸ்ட் இறந்தார், டிரேமே பிராஸ் பேண்டின் டிரம்காரர், ஊருக்கே ‘அங்கிள் லயனல்’. பார்வைக்கு வைத்தபோது அவரைப் பெட்டியில் படுக்கவைக்கவில்லை. நிற்கவைத்தார்கள். ஒரு தெருவிளக்குக் கம்பத்தில் லேசாகச் சாய்ந்தமாதிரி, தலையில் தொப்பி, கை கைத்தடிமேல், பக்கத்தில் அவருடைய பெரிய டிரம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டாமல் உள்ளங்கையின் குறுக்கே மாட்டுவது அவர் பழக்கம். அதையும் விடாமல் அப்படியே மாட்டியிருந்தார்கள். அந்தக் கடிகாரத்தைக் கவனித்துச் செய்திருக்கிறார்களே, அதற்குப் பேர் அன்பு. வெறும் ஸ்டண்டுக்காகச் செய்கிறவனுக்குக் கடிகாரம் ஞாபகம் வராது.

கானாவில் இது கைத்தொழிலாகவே இருக்கிறது. அக்ராவுக்குப் பக்கத்தில் டெஷி என்ற கடலோர ஊரில் சேத் கேன் குவே என்ற தச்சர், விமானத்தில் ஏறாமலே இறந்துபோன பாட்டிக்கு விமான வடிவத்தில் பெட்டி செய்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கும் அங்கே மீனவருக்கு மீன் பெட்டி, விவசாயிக்குக் கோக்கோ காய்ப் பெட்டி. அந்தப் பெட்டிகள் 1989-ல் பாரிஸ் பாம்பிடூ மையத்தின் கண்காட்சிக்குப் போயின, அங்கே வெள்ளைச் சுவரில் ஸ்பாட் லைட் போட்டு வைத்தால் கலை. டாலஸில் ஒரு குடும்பம் அதே வேலையைச் செய்து டிஎல்சியில் வந்தால் அசிங்கம். யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து மரியாதை மாறுகிறது, சாவு அதேதான்.

சரி, இப்போது டிவி.

‘பெஸ்ட் ஃபியூனரல் எவர்’ முதலில் 2012 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வருவதாக இருந்தது. டிசம்பர் 14-ம் தேதி சாண்டி ஹூக் பள்ளியில் துப்பாக்கிச் சூடு, இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் செத்தார்கள். உடனே சேனல் நிகழ்ச்சியைத் தள்ளிவைத்து 2013 ஜனவரி 6-ல் ஒளிபரப்பியது. பொறுப்பான முடிவு என்று பாராட்டத் தோன்றும். எடிட்டராக எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. இறந்தவர்களை மரியாதையோடு அனுப்பிவைக்கும் நிகழ்ச்சி என்று அவர்களே நம்பியிருந்தால், நாடே அழுதுகொண்டிருக்கும் வாரத்தில் அதைவிடப் பொருத்தமானது எது? தள்ளிவைத்தார்கள் என்றால் தங்களிடம் இருப்பது சிரிப்பு நிகழ்ச்சி என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. குடும்பங்கள் நடத்தியது சடங்கு. சேனல் கையில் இருந்தது காமெடி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எடிட்டிங்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு சடங்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு கேமரா, கையில் பன்னிரண்டு மணி நேர ஃபுட்டேஜ். அதில் உங்களுக்குத் தேவை பத்து நிமிஷம். பாதிரியார் அரைமணி நேரம் பேசியது போய்விடும், ஏனென்றால் பேச்சு டிவிக்கு எதிரி. ஒரு அக்கா மூலையில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதது இரண்டு செகண்ட் இருக்கும், அதுவும் புரோமோவுக்கு. பன்றி இருக்குமா? முழுசாக இருக்கும். பன்றி வரும்போது யாரோ ஒருவர் கண்ணை விரித்துப் பார்த்தால் அது தங்கம். அந்த ரியாக்‌ஷன் பன்றியைப் பார்த்து வந்ததாகக்கூட இருக்க வேண்டியதில்லை, கதவு பக்கம் யாரோ லேட்டாக வந்ததைப் பார்த்ததாக இருக்கலாம், நான் ஒட்டிவிட்டால் பன்றியைப் பார்த்ததுதான்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பாட்டுப்போட்டி நிகழ்ச்சி ஒன்றில் (எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள்) போட்டியாளர் ஒரு பையனுடைய அப்பா நடுவில் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு வந்து பாடினான். நன்றாகவே பாடினான், தழுதழுக்கவில்லை, அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டு என்று ஒரே வரி சொல்லிவிட்டுத் தொடங்கினான். நடுவர்களும் மரியாதையாக அமைதியாகக் கேட்டார்கள், யாரும் அழவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புரோகிராம் பொறுப்பாளர், இதில் ஒன்றுமே இல்லையேப்பா என்றார். இரண்டு வாரம் முந்தைய எபிசோடில், வேறொரு போட்டியாளருக்காக ஒரு நடுவர் கண்ணைத் துடைத்த ஷாட் இருந்தது. அதே ஊதா நிறப் புடவையா என்றுதான் பார்த்தோம். வேறு. க்ளோஸப்பை இன்னும் நெருக்கிப் புடவை தெரியாமல் வெட்டி, ஸ்லோ மோஷனில் போட்டு, கீழே வயலின் விட்டேன். அந்த வாரம் ரேட்டிங் ஏறியது. கூலிக்கு மாரடிப்பது என்பார்களே, அன்றைக்கு மாரடித்தவன் நான்தான், அந்த நடுவருக்கு அது தெரியவே தெரியாது. இத்தனைக்கும் அதில் பன்றி இல்லை, சாஸ் இல்லை, ஆடம்பரம் துளியும் இல்லை. எல்லாம் மிகவும் ‘மரியாதையான’ காட்சி.

அதனால்தான் ஆடம்பரத்தை வைத்து மரியாதையை அளக்காதீர்கள் என்கிறேன். இதற்கு அமெரிக்காவிலேயே நடந்த ஒன்று, எனக்குத் தெரிந்து ரியாலிட்டி டிவி ஒரு சாவுக்குச் செய்த மோசமான காரியம். ஏபிசி சேனலில் ‘என்ஒய் மெட்’ என்று ஒரு நிகழ்ச்சி, மருத்துவர்களின் சேவையைக் காட்டுவது, விருந்தும் வேடிக்கையும் கிடையாது, எல்லாம் கனமான முகங்கள். 2011-ல் மன்ஹாட்டன் தெருவைக் கடந்த முதியவர் ஒருவர் குப்பை லாரியில் அடிபட்டு நியூயார்க்-பிரெஸ்பிட்டீரியன் மருத்துவமனைக்கு வந்தார், அவசரப் பிரிவில் உயிர் போனது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. குடும்பத்திடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. 2012 ஆகஸ்டில் அவர் மனைவி வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். குரலை மாற்றியிருந்தார்கள். கட்டிய மனைவிக்கு அதெல்லாம் ஒரு மறைப்பா? தன் கணவர் சாவதை, பதினாறு மாதம் கழித்து, தன் வீட்டு டிவியில் பார்த்தார். குடும்பம் வழக்குப் போட்டது. நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2016-ல், மருத்துவ ரகசியத்தைக் காக்கத் தவறியதற்காக மருத்துவமனைமேல் வழக்கை நடத்தலாம் என்றது, ஆனால் குடும்பத்துக்கு வேண்டுமென்றே மனவேதனை கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டது. நோயாளிகளின் அனுமதி இல்லாமல் படமெடுக்க விட்டதற்காக மருத்துவமனை அரசாங்கத்துக்குத் தனியாக 22 லட்சம் டாலர் கட்டியது.

டாலஸ் பன்றியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் சிரிப்பும் சாஸும், ஆனால் குடும்பம் நடுவில் நிற்கிறது. இன்னொன்றில் பார்க்கிறவர்கள் நெஞ்சில் கை வைக்கும்படியான கம்பீரம், ஆனால் வீட்டுக்காரிக்கே சொல்லவில்லை. மேமி டில் பெட்டியைத் திறக்கச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான்.

‘குடும்பம் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா’ என்று அடுத்து கேட்பீர்கள். ஆகாது. சாவு நடந்த வீட்டில் போடுகிற கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பது அமெரிக்க அரசாங்கத்துக்கே தெரியும். அங்கே ஃபியூனரல் ஹோம்காரர்கள் விலைப்பட்டியலை ஐட்டம் வாரியாக எழுதிக் கையில் கொடுக்க வேண்டும் என்று 1984-லிருந்து விதி இருக்கிறது, காரணம் துக்கத்தில் இருப்பவன் பேரம் பேசமாட்டான், இரண்டு கடை ஏறி இறங்கமாட்டான், நீட்டிய இடத்தில் தலையாட்டுவான். உடலைப் பார்வைக்கு வைத்துப் புதைக்கும் சாதாரண சடங்குக்கே 2023 கணக்கில் 8,300 டாலர் ஆகிறது, நம் காசுக்கு ஆறேழு லட்சம். இவ்வளவு கவலையோடு இருக்கும் ஒருவரிடம் பெட்டி விற்பதற்கு விதி வைத்தவர்கள், அதே மேஜையில் கேமரா ஒப்பந்தத்தை நீட்டுவதற்கு அப்படி ஒன்றும் வைக்கவில்லை. ஒளிபரப்புவதற்கு முன்னால், அழுது முடித்து ஆறு மாசம் கழித்து, எடிட் செய்ததைக் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டி மறுபடி ஒரு முறை கேட்க வேண்டும். எந்தச் சேனலும் செய்யாது, ஏனென்றால் பாதிப்பேர் வேண்டாம் என்பார்கள். என்னிடம் கேட்டால் நான் வைக்கும் ஒரே விதி அதுதான்.

இறந்தவரே கையெழுத்துப் போட்ட கதையும் உண்டு. பிரிட்டனின் ஜேட் கூடி, ரியாலிட்டி டிவியாலேயே பிரபலமானவர். 2008-ல் இந்தியாவுக்கு ‘பிக் பாஸ்’ வீட்டுக்கு வந்திருந்தபோது, கேமராவுக்கு முன்னாலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தகவல் சொல்லப்பட்டது. அதற்கப்புறம் ஏழு மாசம், கல்யாணம் முதற்கொண்டு எல்லாவற்றையும் விற்றார், இரண்டு பையன்களின் படிப்புக்கு என்று வெளிப்படையாகவே சொல்லி விற்றார். 2009 மார்ச்சில் இறந்தார், வயது 27. அவருடைய சவ ஊர்வலம் லண்டன் தெருக்களில் போனது டிவியில் நேரலையாகவே வந்தது. அப்போது பத்திரிகைகள் முகம் சுளித்தன, சாவை விற்கிறாள் என்று. ஆனால் அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் பல லட்சம் பெண்கள் கூடுதலாகப் பரிசோதனைக்குப் போனார்கள், இளம் பெண்கள் அதிகம். அவரைவிட நாசூக்காகச் செத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. இதைச் செய்தவர்கள் இல்லை.

நம் பக்கம் வந்தால், வயதானவர் பேரன் பேத்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தால் ‘கல்யாணச் சாவு’ என்று பறையும் வெடியும் பூப்பல்லக்குமாக எடுக்கிற ஊர் நம்முடையது, அதனால் டாலஸைப் பார்த்து மூக்கில் விரல் வைக்க நமக்கு உரிமை கொஞ்சம் கம்மி. செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றியில் காசு ஒட்டி, குடும்பமே சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் நாம், லயனல் பட்டிஸ்ட் நின்றால் நமக்கென்ன அதிர்ச்சி.

என் தாத்தா சாவு அப்படித்தான் எடுத்தோம், 91 வயது. பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்தோம், மேளக்காரர்கள் அடித்த அடியில் என் சித்தப்பா, வாழ்க்கையில் ஒரு கல்யாணத்தில்கூட ஆடாதவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அழுதுகொண்டே ஆடினார். அத்தை பையன் அதை போனில் எடுத்திருக்கிறான். ராத்திரிக்குள் ரீல்ஸில் போட்டுவிட்டான், ஏதோ குத்துப்பாட்டைச் சேர்த்து, மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு, சித்தப்பாவின் முகம் திரும்புகிற இடத்தில் சரியாக வெட்டி. அழுகை போயிருந்தது, ஆட்டம் மட்டும் இருந்தது. வெட்டு நன்றாகவே இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, நான் செய்திருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன். கீழே யார் யாரோ சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். சித்தப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அத்தைதான் பையனைக் கூப்பிட்டு, “டேய், அதை எடுத்துடு” என்றார், எடுத்துவிட்டான்.

முழு வீடியோ, மேளத்தோடு, நாலரை நிமிஷம், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. சித்தப்பாவே அதை இரண்டு தடவை ஃபார்வர்ட் செய்திருக்கிறார், அன்றைக்கு வர முடியாமல் சிங்கப்பூரில் இருந்த தன் மகனுக்கு.